நாபோர் போட்ட கிளட்ச்

எவரிஸ்தோவின் டாக்சி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிட்டது. கீழே முனையில், ஃபர்ஸ்ட் கியருக்கு மாற்றும் இடத்தில், ஒரு ‘கர்ரக்’. டைனமோ ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த நாபோர் ஸ்பேனரைக் கீழே வைத்தான். வேகவைத்த பீன்ஸில் கல்லைக் கடித்தவன் போல அவன் முகம் சுருங்கியது.

வெள்ளை வோச்சோ, வண்டு முதுகைக் குலுக்கிக்கொண்டு, ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. மெக்சிகோவின் தாஸ்கோவில் டாக்சி என்றால் வோச்சோதான், பின்னால் என்ஜின் வைத்த வண்டு கார். மலைச்சரிவில் சுற்றிச் சுற்றி ஏறும் எங்கள் கல் தெருக்களில் அந்தக் குட்டி வண்டி வளைகிற மாதிரி வேறு எதுவும் வளையாது.

“கொம்பாத்ரே, உங்க கைவேலை பாட்டுப் பாடிட்டே வருது. கேட்டுச்சா?” என்றபடி எவரிஸ்தோ இறங்கினான்.

“கேட்டுச்சு. கோயில்ல பாதிரியாருக்கும் கேட்டிருக்கும். எந்த கியர்?”

“ஃபர்ஸ்ட், ரிவர்ஸ். சில சமயம் செகண்டும். நின்னு கிளம்பும்போதுதான் ரொம்ப முரண்டு பண்ணுது. நீங்க புது கிளட்ச் போட்டதுல இருந்து இப்படித்தான்.”

“போட்டதுல இருந்தா, போட்ட பிறகா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணு இல்ல. ஒண்ணு என் தப்பு. இன்னொண்ணு யார் தப்புன்னு தேடணும்.”

இருவரும் ஒரே தெருவில் சேர்ந்து வளர்ந்தவர்கள். அந்த நாளில் வாடா போடாதான். எவரிஸ்தோவின் மகள் சிட்லாலிக்கு நாபோர் ஞானத்தகப்பனாக நின்ற அன்றோடு அது போயிற்று. பெற்றவனும் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் ‘கொம்பாத்ரே’, பெற்றவள் ‘கொமாத்ரே’. கொம்பாத்ரே ஆகிவிட்டால் ‘நீங்க’ என்றுதான் பேசவேண்டும். சண்டை வந்தாலும் ‘நீங்க’ போட்டுத்தான் திட்டவேண்டும்.

நாபோர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். எவரிஸ்தோ நொண்டிக்கொண்டே பின்பக்கம் போய், என்ஜின் மூடியைத் திறந்துவைத்துவிட்டு நின்றான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நாபோர் கிளட்ச்சை அழுத்தி ஃபர்ஸ்ட் போட்டான், சத்தமில்லாமல் விழுந்தது. ரிவர்ஸ் போட்டான், அதுவும் விழுந்தது. வண்டியை மேட்டில் ஏற்றி, நிறுத்தி, மறுபடி கிளப்பினான். செகண்ட், தேர்ட், மறுபடி செகண்ட். ஒரு முனகல்கூட இல்லை.

“என்ன சொல்றது உங்க வண்டியை? நான் உட்கார்ந்தா கன்னியாஸ்திரி மாதிரி இருக்கு.”

“உங்களைப் பார்த்தா பயம் அதுக்கு. என்கிட்ட தனியா இருக்கும்போதுதான் குணத்தைக் காட்டுது. பொண்டாட்டி மாதிரி.”

“ஹெர்லிந்தா கொமாத்ரே காதுல விழட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு.”

சிரித்துக்கொண்டுதான் பிரிந்தார்கள். ஆனால் மறுநாளும் கர்ரக். அதற்கடுத்த நாளும்.

கியர் விழாத வண்டியைப் பார்ப்பதற்கு நாபோரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கியர் பாக்ஸை அவன் கடைசியில்தான் தொடுவான். முதலில் கிளட்ச் கேபிள். அது நீண்டு தொய்ந்திருந்தால் பெடலை மிதித்தாலும் கிளட்ச் முழுசாகப் பிரியாது, பல்லும் பல்லும் உரசிக் கத்தும். தொய்வு இல்லை. கேபிள் ஓடும் குழாயில் வளைவு சரியாக இருக்கிறதா? இருந்தது. பின்சீட்டுக்கு அடியில் கியர் தண்டை இணைக்கும் புஷ் தேய்ந்திருக்கலாம். கழற்றிப் பார்த்தான், புதுசு போல இருந்தது, இருந்தாலும் மாற்றினான். கியர் எண்ணெயை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தான். இரும்புத் தூள் இல்லை. என்ஜினைத் தாங்கும் ரப்பர்களை அசைத்துப் பார்த்தான். கடைசியில் என்ஜினையே இறக்கி, தான் போட்ட கிளட்ச் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் ஒரு குறையும் இல்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தான். தெருமுனையைத் தாண்டுவதற்குள் ‘கர்ரக்’.

அந்தச் சத்தம் இப்போது எவரிஸ்தோவைவிட நாபோரைத்தான் அதிகமாகக் கடித்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே டாக்சி ஸ்டாண்ட். அங்கே நிற்கிற வண்டிகளில் முக்கால்வாசி நாபோர் கை பட்டவை. இந்த ஊரில் கிளட்ச் என்பது ரொட்டி மாதிரி, தினமும் தீரும், மேடு தின்றுவிடும். கிளட்ச் போடத் தெரியாத மெக்கானிக் இங்கே கடை வைக்கமுடியாது. சப்பைமூக்கன் லெயோபோல்டோ என்கிற டிரைவர், யாருடைய வயிறு கடமுட என்றாலும் “நாபோர் போட்ட கிளட்ச்சா?” என்று கேட்க ஆரம்பித்திருந்தான். ஸ்டாண்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு சண்டை போடும் ஜோடியைக்கூட அப்படித்தான் சொன்னார்கள். கிளட்ச் மாற்றவேண்டிய இரண்டு வண்டிகள் நாபோரின் வாசலைத் தாண்டி, கீழே புதிதாகக் கடை திறந்தவனிடம் போயின.

வியாழக்கிழமை எல்லோரும் சோளமும் கறியும் வெந்த பொசோலே சூப் குடிக்கும் நாள். ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் டிரைவர்கள் பச்சை பொசோலேயில் பன்றித்தோல் வறுவலை உடைத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது நாபோர் உள்ளே நுழைந்தான்.

“வாங்க மேஸ்திரி! கியர் மாத்தி மாத்தி வந்தீங்களா, நேரா வந்தீங்களா?” என்றான் சப்பைமூக்கன்.

“உன் மூக்குக்கு மேல ஏறி வந்தேன். அங்கேதான் மேடே இல்லையே.”

கடை சிரித்தது. நாபோர் உட்காரவில்லை.

“கேளுங்க எல்லாரும். என் கொம்பாத்ரே வண்டில குறை இருக்குன்னா அது என் குறை. ஒத்துக்கிறேன். ஆனா அதைப் பார்த்துட்டு ஒத்துக்கிறேன். இப்பவே மூணு பேர் ஓட்டுங்க. கழுதைப்பாதை மேட்டுல, நடுவுல நிறுத்தி, ஃபர்ஸ்ட் போட்டுக் கிளப்புங்க. கத்துச்சுன்னா என் கடைக்கு பூட்டுப் போட்டுட்டு நான் மிட்டாய் விக்கப் போறேன்.”

“மிட்டாய் வியாபாரத்துக்கு மூஞ்சி வேணும் மேஸ்திரி,” என்றான் தடியன் உபால்தோ. ஆனால் எழுந்தான். எல்லோருமே எழுந்தார்கள். பொசோலே ஆறிப்போவது கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

எவரிஸ்தோ மட்டும் கிண்ணத்தைவிட்டு நிமிரவில்லை. “எதுக்கு இந்தக் கூத்து, கொம்பாத்ரே? சாப்பிட்டுப் போகலாமே.”

“என் பேர் போகுது கொம்பாத்ரே. சாவியைக் கொடுங்க.”

கழுதைப்பாதை மேடு சுவர்ப் பல்லி ஏறுகிற சாய்வு. முதலில் சப்பைமூக்கன் ஓட்டினான். நடுவில் நிறுத்தி, ஃபர்ஸ்ட் போட்டு, கிளம்பி, உச்சிக்குப் போய்விட்டான். கீழே நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றுமில்லை. பிறகு உபால்தோ. அவன் வேண்டுமென்றே இரண்டு முறை நிறுத்தினான், ரிவர்ஸ் போட்டுக் கொஞ்சம் இறங்கினான். ஒன்றுமில்லை. மூன்றாவதாக ஓட்டியவன் சவ ஊர்தி ஓட்டுகிறவன். அவன் இறங்கி வந்து, “இவ்வளவு மெத்துன்னு கியர் விழற வண்டி இந்த ஊர்லயே இல்ல,” என்றான்.

நாபோருக்கு நெஞ்சு விரிந்தது.

“இப்போ நீங்க, கொம்பாத்ரே.”

“நான் தினம் ஓட்டறவன்தானே.”

“அதான் பார்க்கணும். நானும் கூட வர்றேன்.”

எங்கள் டாக்சிகளில் டிரைவருக்குப் பக்கத்து சீட் கிடையாது. ஏறுகிறவர்கள் பின்சீட்டுக்குப் போக வழி வேண்டுமென்று அதைக் கழற்றி எறிந்துவிடுவோம். அந்த வெற்றிடத்தில் நாபோர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்ததில் அவன் கண் சரியாக பெடல்களுக்கு நேராக வந்தது.

எவரிஸ்தோ வண்டியைக் கிளப்பினான். மேட்டின் பாதியில் நிறுத்தினான். நாபோர் கியர் தண்டைப் பார்க்கத்தான் வந்தான். கையைப் பார்க்கத்தான் வந்தான். ஆனால் ஃபர்ஸ்ட் போடுவதற்கு முன்னால் எவரிஸ்தோவின் இடது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, தன் தொடைமேல் வந்து, முழங்காலுக்கு மேலே அழுத்தியது. மாவு பிசைகிறவள் அழுத்துவதுபோல, முழு பலத்தோடு. அதற்குக் கீழே இடது கால் பெடலின்மேல் இருந்தது. பெடல் பாதி தூரம் போயிற்று. கொஞ்சம் நடுங்கியது. அதற்குமேல் போகவில்லை.

கர்ரக்.

கீழே நின்றவர்கள் கூவிச் சிரித்தார்கள். “கொம்பாத்ரே ஓட்ட மறந்துட்டார்! கல்யாணமான பிறகு எல்லாமே மறந்துபோகும்!”

நாபோர் சிரிக்கவில்லை. எவரிஸ்தோவின் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது காலணியின் முனை மட்டும், கல்லில் இழுத்து இழுத்து, தோல் தேய்ந்து வெளுத்திருந்தது. மேட்டின் உச்சியில் போய் வண்டி நின்றது. எவரிஸ்தோ ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். நேராக முன்னால் பார்த்தபடி, “சொல்லிராதீங்க,” என்றான், மிக மெதுவாக.

கூட்டம் மூச்சு வாங்க ஏறி வந்தது.

“என்ன மேஸ்திரி தீர்ப்பு? டிரைவர் தப்புதானே?” என்றான் சப்பைமூக்கன்.

நாபோர் வாளியிலிருந்து எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

“இல்ல. என் தப்பு. கேபிளைத் தப்பா போட்டிருக்கேன். சூடாகும்போது இழுக்குது. இப்பதான் கண்டுபிடிச்சேன்.”

“நாங்க ஓட்டும்போது இழுக்கலையே?”

“உங்க அதிர்ஷ்டம்.”

“அப்போ மிட்டாய்க் கடை?”

“யோசிக்கறேன்.”

அவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கிப்போனார்கள். உபால்தோ மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். 

ஒர்க்‌ஷாப்பின் இரும்புக் கதவை நாபோர் உள்ளிருந்து இழுத்து மூடினான். “ஷூவைக் கழட்டுங்க.”

“முள்ளு குத்தினது கொம்பாத்ரே. உங்களுக்குத் தெரியாதா? புனித வாரத்துல.”

ஊருக்கே தெரியும். புனித வார ஊர்வலத்தில் எவரிஸ்தோ ஒவ்வொரு வருடமும் முள்கட்டு சுமப்பான். முகத்தை மூடி, இடுப்புக்கு மேல் துணியில்லாமல், விரித்த கைகளோடு முள்கட்டைச் சேர்த்துக் கட்டி, வெறுங்காலோடு விடியும்வரை நடப்பான். சிட்லாலி பிறந்தபோது மூச்சுத் திணறிக் கிடந்தாள். அவளுக்காக வைத்துக்கொண்ட நேர்த்தி அது. முகமூடிக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்கக்கூடாது. ஆனால் எல்லோருக்கும் தெரியும். இந்த வருடம் காலில் முள் ஏறி, சீழ்பிடித்து, நொண்ட ஆரம்பித்தான். நேர்த்தியில் வாங்கிய காயம். அதனால் யாரும் அந்த நொண்டலைப் பற்றிக் கேட்கவில்லை. மார்க்கெட்டில் பெண்கள் அவனுக்கு வழிவிட்டார்கள். பாதிரியார் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். முள் காயம் ஆறி மாதங்கள் ஆன பிறகும் நொண்டல் நிற்காதது யார் கண்ணையும் உறுத்தவில்லை. கடவுளுக்காக நொண்டுகிறவனிடம் போய் ‘இன்னுமா நொண்டுறீங்க’ என்று யார் கேட்பது?

“முள்ளு குத்தினது உங்க வலது கால்ல,” என்றான் நாபோர். “நான்தான் ஊசியை வச்சு எடுத்தேன். வலது கால்ல.”

எவரிஸ்தோ வலது காலைத் தடவினான். “வலது வலிச்சதால இடதுல பாரம் போட்டேன். அது களைச்சுப் போச்சு. அவ்வளவுதான்.”

“ஷூவைக் கழட்டுடா.”

பல வருடங்களுக்குப் பிறகு அந்த ‘டா’ ஒர்க்‌ஷாப்புக்குள் விழுந்தது. எவரிஸ்தோ அவனை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தான். காலுறையும் கழன்றது. கெண்டைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் தோல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தோலுக்கு அடியில் ஏதோ சின்னச் சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது, மழைத்துளி விழும் குட்டை மாதிரி.

“பாதத்தைத் தூக்கு.”

“தூக்கறேன்.”

“தூக்கு.”

“தூக்கிட்டுதான் இருக்கேன் நாபோர்.”

பாதம் அசையவில்லை. நாபோர் பழைய துணியை எடுத்துக் கையைத் துடைத்தான், கையில் அழுக்கு இல்லாதபோதும்.

“எப்போலேருந்து?”

“போன கிறிஸ்துமஸ்லயே செருப்பு கழண்டு விழும். படியில தடுக்கும். பிறகு முள்ளு குத்துச்சா, எல்லாரும் முள்ளு முள்ளுன்னாங்க. நானும் முள்ளுன்னே நினைச்சுக்கிட்டேன். நினைக்கறதுக்கு வசதியா இருந்துச்சு.” பிறகு, “கொம்பாத்ரே, ஒண்ணு பண்ணுங்க. கேபிளை இழுத்துக் கட்டிருங்க. பாதி மிதிச்சாலே கிளட்ச் பிரியற மாதிரி. உங்களால முடியும்.”

முடியும். கேபிளின் முனையில் ஒரு சிறகு நட்டு இருக்கிறது. நாலு திருகு திருகினால் போதும். நாபோருக்கு அந்த யோசனை மேட்டிலேயே வந்துவிட்டது.

“பண்ணலாம். அப்போ கிளட்ச் எப்பவும் பாதி பிரிஞ்சே நிக்கும். கொஞ்ச நாள்ல கருகிரும். ஆள் ஏத்திட்டு மேடு ஏறும்போது வண்டி பின்னால வரும். அந்த நேரம் பிரேக்கும் மிதிக்கணும், கிளட்ச்சும் மிதிக்கணும். எந்தக் காலால மிதிப்பீங்க?”

எவரிஸ்தோ தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேற என்ன தெரியும் எனக்கு? சொல்லுங்க. பதினெட்டு வயசுல ஸ்டியரிங்கைப் பிடிச்சேன். எனக்கு ஸ்டாண்டைத் தவிர வேற ஊரே தெரியாது.”

“முதல்ல மெக்சிகோ சிட்டிக்குப் போய் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் வண்டி எங்கிட்ட இருக்கும். கேட்டா, நாபோர் கிளட்ச்சைச் சொதப்பிட்டான், பிரிச்சுப் போட்டிருக்கான்னு சொல்லுங்க.”

“ஹெர்லிந்தாகிட்டயும்?”

“அவங்ககிட்ட நீங்க சொல்றவரைக்கும், ஆமா.”

எவரிஸ்தோ சொல்லவில்லை. உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கப்போவதாகச் சொல்லிப் பேருந்தில் ஏறினான். ஹெர்லிந்தா நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். இடுப்பில் ஏப்ரன், கையில் தக்காளி வாசம்.

“கொம்பாத்ரே, மரியாதையாத்தான் கேக்கறேன். என் புருஷன் வண்டி உங்க வீட்ல முட்டை போட்டு அடைகாக்குதா?”

“கொஞ்சம் வேலை இருக்கு, கொமாத்ரே.”

“கியர் விழலைன்னு வந்தவனுக்கு வண்டியே விழுந்துபோச்சு. சிட்லாலிக்கு ஞானத்தகப்பன்னு வேற பேரு. கீழ ஒரு பையன் புதுசா கடை போட்டிருக்கான், அவன் ஒரே நாள்ல முடிச்சுக் கொடுக்கறானாம். உங்களுக்கு வயசாயிடுச்சுன்னா சொல்லிடுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.”

நாபோர் தலை குனிந்துகொண்டு கேட்டான். முன்னால் வெள்ளை வோச்சோ ஒரு குறையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் பார்ப்பதற்காக, அதன் பின்மூடியைத் திறந்து, தேவையே இல்லாமல் இரண்டு சாமான்களைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தான்.

டாக்டர் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வரச்சொன்னார். காலில் ஊசி குத்தி, கம்பி இணைத்து, என்னவெல்லாமோ அளந்தார்கள். இரண்டாவது முறை போய் வந்த எவரிஸ்தோவால் கைத்தடி இல்லாமல் பேருந்திலிருந்து இறங்க முடியவில்லை. அன்று அவன் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கவேண்டும். ஏனென்றால் சாயங்காலம் ஹெர்லிந்தா மறுபடி ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்தாள். வந்தவள் உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வெளியில போய் எல்லார்கிட்டயும் உங்களைத் திட்டினேன்,” என்றாள். “மீன் விக்கறவகிட்டகூட.”

“பரவாயில்ல, கொமாத்ரே.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“அவர் சொல்லவேண்டிய வார்த்தை அது.”

அவள் அழவில்லை. தரையில் பரப்பிவைத்திருந்த சாமான்களைப் பார்த்தாள். எதையோ புரிந்துகொண்டவள் போல ஏப்ரனால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலை எவரிஸ்தோ வந்தான். வந்து, வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான்.

“நரம்பு செத்துட்டு வருதாம், கொம்பாத்ரே. மருந்து கிடையாது. காலோட நிக்காதுன்னார். அடுத்தது இந்தக் கால். அப்புறம் கை. பேச்சு. மூச்சு. எது முன்னால எது பின்னாலன்னு அவருக்குத் தெரியாதாம்.” காலை வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். “நல்ல மனுஷன். கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.”

நாபோர் இரண்டு கோப்பைகளை எடுத்தான். காபி ஊற்றிக் கொடுத்தான். இருவரும் குடித்தார்கள்.

“சாவியைக் கொடுங்க,” என்றான் எவரிஸ்தோ.

“எதுக்கு?”

“ஒரு சுத்து. இன்னிக்கு மட்டும். உபால்தோவோட தம்பிக்கு ஓட்டக் கொடுக்கப்போறோம்னு ஹெர்லிந்தா சொல்லிட்டா. அதுக்கு முன்னால.”

“கிளட்ச் எப்படி மிதிப்பீங்க?”

“யாரு மிதிக்கப்போறா?”

நாபோர் கழற்றிய சாமான்களைப் பூட்டி, வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினான். எவரிஸ்தோ ஏறி உட்கார்ந்தான், இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தான். நாபோர் வாளியோடு பக்கத்தில் ஏறினான். என்ஜின் ஓடாதபோதே தண்டைத் தள்ளி ஃபர்ஸ்ட்டில் வைத்துவிட்டு எவரிஸ்தோ சாவியைத் திருப்பினான். வண்டி ஒரு துள்ளு துள்ளி, இறக்கத்தில் உயிர்பெற்று ஓடியது.

அடுத்து எவரிஸ்தோ செய்ததை நாபோர் கேள்விப்பட்டிருக்கிறான், பார்த்ததில்லை. எவரிஸ்தோ ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினான். தலையை லேசாகச் சாய்த்து என்ஜினைக் கேட்டான். சத்தம் இறங்கி, ஒரு இடத்துக்கு வந்தபோது, இரண்டு விரலால் தண்டைத் தள்ளினான். செகண்ட், கிளட்ச்சே இல்லாமல், நீரில் கல் அமிழ்வதுபோலப் போய் உட்கார்ந்தது. தேர்ட். திருப்பத்தில் மறுபடி செகண்ட். ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தை ஏற்றி, உள்ளே வழியவிட்டான். இடது கால் தரையில் ஒரு மூட்டையைப் போலக் கிடந்தது.

“எத்தனை நாளா தெரியும் இது?”

“எப்பவும் தெரியும். சின்ன வயசுல கேபிள் அறுந்தா இப்படித்தான் வீட்டுக்கு வருவேன். உங்களைக் கூப்பிட்டா சிரிப்பீங்கன்னு.”

ஊரைச் சுற்றினார்கள். ஸ்டாண்டைக் கடந்தபோது சப்பைமூக்கன் கையில் இருந்த காபியோடு எழுந்து நின்றான். உபால்தோ தொப்பியைத் தூக்கினான். அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. எவரிஸ்தோ ஹாரனை ஒருமுறை அடித்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. நாபோர் கிட்டத்தட்ட நம்பத் தொடங்கினான்: இவனுக்கு அந்தக் கால் வேண்டாம், இப்படியே ஓட்டிவிடுவான் என்று.

மேல் மார்க்கெட்டுக்குப் போகும் ஏற்றத்தில், வண்ணான் துறைக்குப் பக்கத்தில், ஒரு பெண் நின்றிருந்தாள். சால்வையில் குழந்தை, காலடியில் இரண்டு கூடை. வெள்ளை வோச்சோவைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

எவரிஸ்தோவின் வலது கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டது. கை தண்டுக்குப் போனது. இடது முழங்கால் ஒருமுறை துடித்தது. பாதம் வரவில்லை.

நிறுத்துவது கஷ்டமில்லை. நிறுத்தினால் அந்த ஏற்றத்தில் மறுபடி கிளப்பமுடியாது.

வண்டி வேகம் குறைந்து, அவள் முகம் தெரியும் தூரத்துக்கு வந்தது. அவள் குனிந்து ஒரு கூடையை எடுத்துக்கொண்டாள். எவரிஸ்தோ அவளைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி அவளைத் தாண்டிப் போனது. கூடையோடு நிமிர்ந்தவள் கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போனாள். கை மட்டும் இன்னும் பாதி தூக்கியபடி.

ஒர்க்‌ஷாப் வரைக்கும் அவன் எங்கும் நிறுத்தவில்லை. வாசலில், கியரில் இருந்தபடியே பிரேக்கை மிதித்தான். என்ஜின் இரண்டு உதறு உதறி நின்றது.

“மேல மார்க்கெட்டுக்குத்தான் போவா,” என்றான். “இந்த நேரத்துல அந்தப் பக்கம் வேற டாக்சி வராது. குழந்தை வெயில்ல வாடுது, கொம்பாத்ரே. போய் ஏத்திட்டு வாங்க.”

“நீங்க?”

“நான் இங்க இருக்கேன்.”

கைத்தடியை ஊன்றி இறங்கினான். நாபோர் அவன் இடத்துக்கு நகர்ந்தான். சீட்டில் அவன் சூடு இன்னும் இருந்தது. வண்டியைத் திருப்பிக் கீழே ஓட்டினான். அந்தப் பெண் அங்கேயேதான் நின்றிருந்தாள், ஒதுங்க ஒரு நிழல்கூட இல்லாத சுவரோரம்.

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்றபடி கூடைகளைத் தள்ளி ஏறினாள். “கை காட்டறேன், என்னைப் பார்த்துக்கிட்டே போறீங்க. மலைக்கிராமத்துக்காரின்னா இளப்பமா?”

“மன்னிச்சிருங்கம்மா. மேல் மார்க்கெட்டுக்குத்தானே?”

“அப்புறம் வேற எங்கே போவாங்க இந்தக் கூடையோட.”

நாபோர் கிளட்ச்சை அழுத்தினான். முழுசாக, தரையைத் தொடும்வரை. வண்டி கிளம்பியது. மேலே ஒர்க்‌ஷாப்பைக் கடக்கும்போது, எவரிஸ்தோ சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று, பின்சீட்டில் கூடைகளும் குழந்தையும் பத்திரமாக இருக்கின்றனவா என்று எட்டிப்பார்த்தான்.

அந்தப் பெண்ணும் அவனைப் பார்த்தாள். “யாரு அது? பாவம், நிக்கவே முடியலையே.”

“டாக்சி டிரைவர்,” என்றான் நாபோர்.

“அவர் டாக்சி எங்கே?”

“நீங்க அதுலதான் உட்கார்ந்திருக்கீங்க, அம்மா.”

அவள் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அதற்குள் தெரு வளைந்துவிட்டது.